இடப்பக்கத்துக் கார்புரேட்டர்

அந்தத் தெருவில் டியூப்காரர் என்று கேட்டால்தான் அவர் கடையைக் காட்டுவார்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அறுபது தாண்டியாகிவிட்டது. முழ நீள ரப்பர் குழாய் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். இரண்டு கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி வந்தால், இன்ஜினை ஓடவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். குழாயின் ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறு முனை காதில். இடப்பக்கத்துக்கு இடது காது, வலப்பக்கத்துக்கு வலது காது. காற்றை இழுக்கும் சத்தம் இரண்டிலும் ஒன்றுபோலக் கேட்கும்வரை காற்று வழியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைக் கடுகளவு கடுகளவாகத் திருப்புவார். மீட்டர் வைத்துப் பார்க்கும் பெரிய கடைகளுக்கு அடங்காத வண்டியும் அவரிடம் வந்து அடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வண்டி தண்ணி காட்டியது.

ரிட்டயரான ரயில் டிரைவர் ஒருவருடைய வண்டி அது. இருபது வருஷம் கொட்டகையில் கிடந்ததில் இரண்டு கார்புரேட்டருக்குள்ளும் பெட்ரோல் காய்ந்து கோந்தாக ஒட்டியிருந்தது. டியூப்காரர் இரண்டையும் பிரித்து, இரண்டு நாள் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். பெட்ரோல் வருகிற ஜெட்டின் ஓட்டை ஊசி முனை அளவுதான் இருக்கும். கம்பியை விட்டுக் குத்தினால் பெரிதாகிவிடும் என்று நைலான் நூலைக் கோத்து இழுத்தார். எல்லாம் புதுசுபோல மின்னியது. ஆனால் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டால் உதறியது. இடது சைலன்சர் கொதித்தது, வலது வெதுவெதுவென்றிருந்தது. இரண்டு தடவை எடுத்துப்போன டிரைவர் இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சிக்னல்ல நின்னா குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குதுங்க. பக்கத்து வண்டிக்காரன் போர்வை வேணுமான்னு கேக்குறான்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்."

"சரி. அன்னைக்கும் நடுங்கிச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுறேன். உங்க மேல கோவமில்ல. எனக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு."

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. கைப்பக்குவம் போய்விட்டதோ என்ற பயம் அன்றிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பயத்தோடு வீட்டுக்குப் போனார். வீட்டில் மகள் பெற்றெடுத்த பேத்தி, இருபத்திரண்டு நாள் பிள்ளை. அரிசி நுனி அளவு நகம். அதுபோலக் கொட்டாவி விடத் தெரிந்த குழந்தை உலகத்தில் வேறு கிடையாது. ஆனால் சும்மா தூக்கிவிட முடியாது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, மகளிடம் கையை நீட்ட வேண்டும். பெட்ரோல் வாடை போயிற்றா என்று அவள் மோந்து பார்ப்பாள்.

"ம், பாஸ். தூக்கிக்கோங்க."

பேத்தியை இடது தோளில் சாய்த்துக்கொண்டு உலாத்தினார். சமையலறையிலிருந்து வந்த மனைவியிடம், "இந்த வண்டியோட கடையை ஏறக்கட்டிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"அது கிடக்கட்டும். பிள்ளை எவ்வளவு நேரமா சிணுங்குது! தட்டிக் குடுக்காம அப்படி என்ன யோசனை?"

"சிணுங்குதா? தூங்குதுன்னுல்ல நினைச்சேன்."

"காதுல வாயை வச்சுல்ல சிணுங்குது!"

அவர் பிள்ளையை வலது தோளுக்கு மாற்றினார். கேட்டது. சின்னச் சின்ன முனகல், நடுநடுவே புஸ் புஸ்ஸென்று மூச்சு. திரும்ப இடது தோள். கழுத்தில் சூடு மட்டும் தெரிந்தது, சத்தத்தைக் காணோம். மறுபடி வலது.

"அப்பா, என் பிள்ளை என்ன ஸ்பேர் பார்ட்டா? இங்க மாட்டி அங்க மாட்டிப் பாக்குறீங்க!"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இடது காது மந்தமாகிவிட்டது. அது தெரியாமல், சத்தம் பத்தவில்லை என்று இடது கார்புரேட்டரைத் திறந்து திறந்து விட்டிருக்கிறார். வண்டி பாவம், சொன்னபடி கேட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றினார். சீட்டில் ஏறவில்லை. ஒரு பக்கம் குந்தி வலது காதில் குழாயை வைத்தார். சுற்றி வந்து அடுத்த பக்கம் குந்தி, அங்கேயும் வலது காது. இடதுதான் எப்படி இழுக்கிறது! திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முக்கால் சுற்றில் உதறல் அடங்கியது.

டிரைவர் வந்து பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"கோளாறு எங்க இருந்துச்சு?"

ஜெட்டில் தூசி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். டியூப்காரர் தன் இடது காதைத் தட்டிக் காட்டினார். "இங்க சார். இது அவுட்டு."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு ரெண்டுமே அவுட்டுங்க. முப்பது வருஷம் ரயில் இன்ஜினுக்குள்ள நின்னவன். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. உங்களுக்கு ஒண்ணு மிச்சமிருக்குல்ல, அத வச்சுப் பொழைங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "கடையை எப்ப ஏறக்கட்டுறீங்க?"

"எதுக்கு? ஒரு காது தாராளமாப் போதும்."

"அப்போ இத்தனை வருஷம் நான் சொன்னது எதுவும் ஏறாததுக்கு அந்தக் காதுதான் காரணமா?"

"அதுக்கு ரெண்டும் காரணம்."

மகள் சிரித்துக்கொண்டே அவர் கையை மோந்து பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தாள். அவர் வலது தோளைக் காட்டி வாங்கிக்கொண்டார்.