மூன்றாம் படியும் ஏழடுக்கு மாடமும்

கவிஞர்கள் ஊரை வர்ணித்தால் அப்படியே நம்பக் கூடாது என்று நான் ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டேன். என் அத்தையின் கல்யாணம்தான் அதற்குக் காரணம்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் ஒரு குளம், ஒரு கோயில், அறுபது எழுபது வீடு, அதுதான் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பட்டணம் என்றால் திருவனந்தபுரம். சென்னை என்பது திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் ஏறி, மறுநாள் போய்ச் சேரவேண்டிய ஏதோ ஓர் இடம். அந்த இடத்துக்குத்தான் அப்பா தன் தங்கையைக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தார். மாப்பிள்ளை அங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தா.

அதற்கு முன்னால் ஒருநாள் அம்மா வேறொரு பேச்சை எடுத்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, நாகர்கோவிலில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர். அத்தைக்கு முறைமாப்பிள்ளை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "மையும் கையுமா அலையறவனுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போனார். பேச்சு அதோடு நின்றது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன அப்பளம் எனக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் கட்டாயம். வேண்டப்பட்டவர் ஒருவர் பாட்டு எழுதி, கலர் தாளில் அச்சடித்து, தாலி கட்டி முடிந்ததும் நின்று படிப்பார். பிறகு பந்தலில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டு சென்னையிலிருந்து தபாலில் வந்தது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒரு கவிஞர் எழுதியது. அதை இங்கேயே அச்சடித்துவிடுங்கள் என்று அவர்கள் எழுதியிருந்ததால் அது நேரே மாமாவின் கைக்கு வந்தது. அந்தப் பாட்டை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, ரோஸ் தாளில், சுற்றிலும் பூவேலை போட்டு, ஒரு பிழையில்லாமல் மாமாவே கோத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தன் பாட்டை எழுத உட்கார்ந்தார். அதற்குக் கிடைத்தது மிச்சம் கிடந்த மஞ்சள் தாள்.

கல்யாணத்தன்று முதலில் சென்னைப் பாட்டு. பெண் போய்ச் சேரப்போகிற நகரத்தை அவர் பாடியிருந்தார். நிலாவை உரசுகிற ஏழடுக்கு மாடங்கள், இரவைப் பகலாக்கும் விளக்குகள், ஜன்னல்தோறும் கடற்காற்று. கங்கையே குழாய்க்குள் புகுந்து வீட்டுக்குள் வருகிறாளாம். பந்தலே வாயைப் பிளந்தது. அடுத்தது மாமா. அவர் பாடியது பெண் பிறந்த ஊரை. தாமரைக் குளம், அதில் அன்னம், வயலில் முத்துக் கக்கும் சங்கு, கரும்புச் சாறு வழிந்து வழுக்குகிற தெரு.

"நம்ம குளத்துல ஏது அன்னம்? எருமைல்லா கெடக்கு," என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவள் சொன்னால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, ஒரே சிரிப்பு.

இன்றைக்கு யோசித்தால், இரண்டு பாட்டிலும் ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டிருந்தால்கூட ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மாடத்தை இங்கேயும் அன்னத்தை அங்கேயும் தாராளமாக விட்டிருக்கலாம். மாமாவின் பாட்டில் ஒரு வரி மட்டும் எதிலும் ஒட்டாமல் நின்றது. "விளிம்புடைந்த மூன்றாம் படிமேல் விரலூன்றி நீர்முகப்பாள்."

எங்கள் குளத்தின் மூன்றாம் படி உண்மையிலேயே உடைந்துதான் கிடந்தது. அத்தை தினமும் அதன் மேல் கால்விரலை ஊன்றிக் குனிந்துதான் குடத்தை நிறைப்பாள். அந்த வரி வந்ததும் அத்தை சட்டென்று தலையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற அம்மா அதைப் பிடித்து அமுக்கிவிட்டாள்.

அப்பாவுக்கு மாமா மேல் கோபம். "கல்யாண வாழ்த்துல உடைஞ்ச கல்லைக் கொண்டு வைப்பாங்களா, மாப்ளே? ஒமக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார். மாமா மஞ்சள் தாள்களை என்னிடம் தந்து விநியோகிக்கச் சொன்னார். நான் அத்தையைத் தாண்டிப் போகும்போது, "ஏட்டி, எனக்கொண்ணு தா," என்று அவள் கை நீட்டி வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரோஸ் தாளை மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடிச் சட்டம் போட்டு, துணி சுற்றிச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள்.

எனக்கு ஒரே ஆத்திரம். நான் மாமா கட்சி. பாட்டில் மாமா தோற்றுவிட்டார் என்று ஊரே பேசியது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தை மாதம் அத்தைக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுபோக அப்பா புறப்பட்டார். அரிசி, மஞ்சள்குலை, ஒரு மட்டி வாழைக்குலை. நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏட்டி, அத்த வீட்டுச் சுவத்துல எந்தப் பாட்டு தொங்குதுன்னு மட்டும் பாத்துட்டு வா. அப்பாகிட்ட சொல்லப்பிடாது."

திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் இருந்தது அந்த ஏழடுக்கு மாடம். ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம், அத்தைக்கு ஓர் அறை. ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தது. கங்கை, வாசலுக்கு வெளியே ஒரு குழாயில், விடியற்காலம் ஒரு மணி நேரம் வந்தாள். குடித்தனத்துக்கு இரண்டு குடம். மறுநாள் காலையில் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒல்லியாக ஒருவர் பித்தளைக் குடத்தோடு நின்று, யாரோ இடையில் புகுந்ததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "இவருதான் அந்தக் கவிஞர். மாடிப்படிக்குக் கீழ உள்ள ரூம்ல இருக்காரு," என்றாள் அத்தை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஏனென்றால் சுவரில் அவருடைய பாட்டுத்தான் தொங்கியது. அறைக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். சாமி படத்துக்கு அடுத்து அதுதான். மாமாவுடையது எங்குமே இல்லை.

தண்ணீர் பிடித்து வரும்போது அத்தை கேட்டாள். "மூணாம் படி இப்பவும் உடைஞ்சுதான் கெடக்கா?"

"ஐப்பசியிலேயே சிமெண்ட் வச்சு கட்டியாச்சே," என்றேன் பெருமையாக.

"யாரு கட்டச் சொன்னா?" என்று வெடுக்கென்று கேட்டாள். சென்னைத் தண்ணீர் அத்தையைக் கெடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்புகிற அன்று எனக்குப் பாவாடைத் துணி எடுக்க அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில், மூலையில், மஞ்சள் தாள் கிடந்தது. கல்யாணத்தன்று மடித்த அதே நாலு மடிப்பு. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரிடத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அத்தை மூடியைச் சாத்திவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. கண்ணாடிக்குள் ரோஸ் தாள் மினுமினுக்கிறது, மாமாவின் பாட்டுக்கு இந்தக் கதி.

ஊர் வந்த மறுநாளே அச்சாபீஸுக்குப் போனேன். மாமா யாருடைய கல்யாணத்துக்கோ எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சுவத்துல அவரு பாட்டுதான் மாமா. உங்க பாட்டு பெட்டிக்குள்ள, சேலைக்கு அடியில கெடக்கு. அஞ்சு மாசத்துல தாளைக் கிழிச்சு நாசமாக்கிட்டா."

மாமாவின் கை நின்றது. "எங்க கிழிஞ்சிருக்கு? ஓரத்துலயா, மடிப்புலயா?"

"மடிப்புலதான். நாலு துண்டா வரப்போவுது. சோத்தை வச்சு ஒட்டியிருக்கா."

அவர் மைக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பக்கத்துக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் ரசவடை வாங்கித் தந்தார். தனக்கு வாங்கியதைத் தொடவே இல்லை. தோற்ற துக்கம் என்று எண்ணி, அதையும் நானே தின்றேன். பாவமாக இருந்தது.

"அடுத்த தடவை நீங்களும் சட்டம் போட்டுக் குடுங்க மாமா. சுவத்துல மாட்டச் சொல்லுதேன்," என்றேன்.

"வேண்டாம் மக்கா. அது பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும்," என்றார். அவர் முகத்தில் துக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மடித்து வைத்ததை மடித்தபடியே விட்டால் தாள் ஐந்து மாதத்தில் மடிப்பில் கிழியாது. இது தெரிய எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அப்போது எனக்கும் கல்யாணமாகி, வேற்றூரில் எனக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது.