இரட்டை விசில்

என் கணவர் மைசூரில் சிட்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, அவருடைய பழைய விசிலைக் கயிற்றில் கோத்து நானே கழுத்தில் மாட்டிவிட்டேன். வேண்டும்போது கூப்பிடட்டுமே என்றுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. வீட்டில் அவர் ஊதியது எப்போதும் ஒன்றுதான். தண்ணீருக்கு ஒன்று, தலையணை நழுவினால் ஒன்று, சும்மா நான் இருக்கிறேனா என்று பார்க்க ஒன்று. குளியலறையில் இருந்தாலும் சோப்பு நுரையோடு ஓடி வருவேன்.

கொள்ளேகாலில் அக்கா மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். முந்தைய விசேஷம் எதற்கும் நான் போகவில்லை. அக்கா போனில் சொல்லிவிட்டாள்: "இதுக்கும் வரலீன்னா இனி என் வாசப்படி மிதிக்காத."

வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டேன். ஏற்கெனவே அவர்கள் அனுப்பிய இரண்டு பேரை இவர் சாப்பிடாமல் அடம்பிடித்தே விரட்டியிருந்தார். அடுத்து வருபவரும் ஓடிப்போனால் இனி ஆளில்லை என்று சொல்லித்தான் ஒருவரை அனுப்பினார்கள். ராமாபுரத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டும் எனக்கு வாசலைத் தாண்ட மனசில்லை.

"கஞ்சிய நிமிர்த்தி உக்கார வச்சுத்தான் குடுக்கணும். இல்லன்னா புரையேறிடும்."

"சரிங்கக்கா. இதைத்தான் முன்னயும் சொன்னீங்க."

கிளம்பும்போது கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவே இல்லை.

கொள்ளேகால் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தும் என்ன பயன்? கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இளியோதா?" என்று காலை ஒதுக்கி ஒதுக்கிச் சலித்துப்போனாள். இறங்கவில்லை என்று அசடு வழிந்தேன். அந்த ஆள் இந்நேரம் கஞ்சி கொடுத்திருப்பாரா, புரையேறியிருக்குமா, இவர் ஊதி ஊதி ஓய்ந்திருப்பாரோ? போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. டி.நரசிபுரத்தில் ஒரு விசில் கேட்டது. இறங்கிவிட்டேன். எதிரே மைசூர் பஸ் நின்றது, ஏறிவிட்டேன்.

வீட்டுக்குள் செருப்போடு ஓடினேன். கணவர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. மேசையில் காலிக் கஞ்சிக் கிண்ணம்.

"என்னங்கக்கா, வண்டி கெட்டுப்போச்சுங்களா?" ராமாபுரத்துக்காரர் ரேசரும் கையுமாக விழித்தார்.

"போன எடுக்க மாட்டீங்களா?"

"கையெல்லாம் சோப்புங்க. அண்ணன் நல்லாத்தான் இருக்கறாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருக்கிறாரே என்ற நிம்மதி வராமல், நான் இல்லாமலே நன்றாக இருக்கிறாரே என்றுதான் முதலில் சுட்டது. கைப்பையைக் கட்டிலில் போட்டுவிட்டு கணவர் முகத்து நுரையைத் துடைக்கப் போனேன்.

அவர் இடக்கையால் என்னைத் தடுத்தார். விசிலைத் தேடி எடுத்து, கோணிய வாயில் எப்படியோ பொருத்தி ஊதினார். என்ன வேண்டுமோ என்று குனிந்தேன். இன்னொரு முறை ஊதினார்.

நான் அப்படியே நின்றேன். ரைட் கொடுத்தும் நகராத வண்டியின் டிரைவரைப் பார்ப்பதுபோல என்னை முறைத்தார். மறுபடி ஊதினார், அதே இரண்டு.

"நிச்சயம் சாயங்காலந்தானுங்களே அக்கா, போய்ச் சேந்தர்லாம். அண்ணனே சொல்லியாச்சு," என்றார் ராமாபுரத்துக்காரர்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அந்த மனுஷனுக்கு என்னை அனுப்பிவைக்க வழி தெரிந்துதான் இருந்திருக்கிறது. இன்றைக்கு முன்பு நான்தான் ஒருநாளும் வாசல்வரை போய் நின்றதில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டேன். செருப்பு காலிலேயே இருந்தது.