மாமி பாடாத வெளியீட்டு விழா

எங்கள் வீட்டில் ஒரு பாடகி இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பிழை அவர்களுடையது மட்டுமல்ல. மாமி பத்து வருடமாக மேடையில் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வேறொருவருக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில் நின்று 'ஊ' என்றும் 'ஆ' என்றும் இழுத்துக்கொண்டிருந்தார். பகலில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் தொலைபேசி எடுப்பார். எனக்கு ஒன்பது வயதானபோது, முதன்முறையாகத் தனியே ஒரு இறுவட்டு, அதாவது பாட்டு சீடி, செய்தார். அட்டையில் அவருடைய முகம் மட்டும். அதில் ஒன்றை நான் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

மாமி அப்பாவின் ஒரே தங்கை. கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தார். அவர் பாடியது சோல், ஆங்கிலத்தில். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்த பாட்டு அது, மனதில் கிடப்பதை ஒளிக்காமல் பாடவேண்டும் என்பார். அப்பாவுக்கும் அதற்கும் வெகு தூரம். பசிக்கிறது என்பதைக்கூட அவர் 'இப்ப நேரம் என்ன?' என்றுதான் தெரிவிப்பார்.

மாமி கீழே பாடினால், தரையில் சூடான காற்று வருகிற வென்ட் வழியாக மேலே கேட்கும். நான் அதில் காதை வைத்துப் படுத்திருப்பேன். "பிள்ளை, கேக்குதோ?" என்று மாமி கீழிருந்து கூப்பிடுவார். நான் "ஓம்" என்று கத்துவேன். அப்படிப் படுக்கும்போது அப்பாவின் கால் எனக்கு எப்போதும் இடைஞ்சலாக இருக்கும். அவருடைய கதிரை வென்ட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வேலையால் வந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு அங்கேதான் உட்காருவார். அப்பாவுக்குக் குளிர் உடம்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜூலை மாதத்திலும் அவருக்குக் குளிர்ந்தது.

இறுவட்டில் ஒன்பது பாட்டுகள். ஒன்பதாவது அப்பாவைப் பற்றியது. அப்பா கனடாவுக்கு வந்தபோது மாமிக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வருடம் கழித்து, ஒரு பெப்ரவரியில், மாமி வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அப்பா வின்ரர் கோட்டோடு நின்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான கோட், கரடிப் பொத்தான் வைத்தது. அவருடைய நினைப்பில் தங்கை வளரவே இல்லை. கை முழங்கையோடு நின்றுவிட்ட அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மாமி வீடுவரை வந்தாராம். அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒருநாளும் கதைத்ததில்லை. பாட்டில் மாமி கதைத்திருந்தார். அண்ணா, நீ வாங்கிய கோட்டுக்குள் நுழைய இன்னும் பார்க்கிறேன் என்று வரும். அதை அப்பாவின் முன்னால் நின்று பாடவேண்டும், அவர் கேட்கவேண்டும். மற்ற எட்டையும் கேட்கிறவர்கள் கேட்கட்டும், விடுகிறவர்கள் விடட்டும், மாமிக்கு இது ஒன்றுதான் ஆசை. பின்னால் நின்று 'ஊ' இழுக்க என்னைப் பழக்கினார். நான் பல் தேய்க்கும்போதும் இழுத்தேன்.

நகரத்தில் ஒரு சின்னக் கஃபேயில் பாடி வெளியிடத்தான் மாமி நினைத்திருந்தார்.

"எங்கட சனத்துக்கு முன்னால முறையாச் செய்யோணும்" என்றார் அப்பா. அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலைத் தன் கையாலேயே எழுதினார். மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், தலைமையுரை, ஐந்து வாழ்த்துரைகள், ஆய்வுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நன்றியுரை. மாமி விரலால் வரிசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, என்ர பாட்டு எங்க?"

"கடைசியா. எல்லாம் முடிய அவசரமில்லாம ஆறுதலாப் பாடலாம்."

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை எங்களுடையது. சனம் மூன்றே முக்காலுக்கு வந்தது. வாழ்த்துரை சொன்ன ஐந்து பேரும் மாமியின் பெயரை ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஆய்வுரைக்கு வந்த தமிழ் வாத்தியார் பழந்தமிழரின் யாழிலிருந்து தொடங்கினார். நாற்பது நிமிடம் ஆகியும் அவரால் கனடாவுக்கு வந்துசேர முடியவில்லை. கடைசியில் இறுவட்டைத் தூக்கிக் காட்டி, இதை வீட்டுக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்று சொல்லி இறங்கினார். வீடு விற்கிற அங்கிள் ஒருவர் முதற்பிரதியை வாங்கி நான்கு பக்கமும் திரும்பிப் படத்துக்கு நின்றார். சிறப்புப் பிரதி வாங்க ஊரே ஏறி இறங்கியது.

மாமியும் நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்றோம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அடுத்து வரப்போகிற பிறந்தநாள் விழாக்காரர்கள் பலூன்களோடு வாசலில் நின்றார்கள். மிச்சம் இரண்டே விஷயம், அப்பாவின் நன்றியுரையும் மாமியின் பாட்டும்.

"அண்ணை, நன்றியை விடுங்கோ. நான் பாடுறன்" என்றார் மாமி.

அப்பா ஒரு கணம் மாமியைப் பார்த்தார். பிறகு மைக்குக்குப் போனார். விளக்கேற்றியவர்களுக்கு நன்றி சொன்னார். ரோல்ஸ் பொரித்தவர்களுக்குச் சொன்னார். வாகனம் நிறுத்த வழிகாட்டியவருக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும், இனி அடுக்கப்போகிறவர்களுக்கும் சொன்னார். வருடம் முழுவதும் அவர் பேசுகிற அளவை அன்றைக்கு ஒரே மூச்சில் பேசினார். மாமிக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. மண்டபத்துக்காரன் மைக்கை அணைத்தபோதும் அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது.

காரில் நான் அழுது கத்தினேன். "உங்களாலதான்! உங்களாலதான் மாமி பாடேல்லை!"

"நேரம் போயிட்டுது பிள்ளை" என்றார் அப்பா.

பின் சீட்டில் என் கையைப் பிடித்திருந்த மாமி மெதுவாகக் கேட்டார். "அண்ணை, ஒருக்கா எண்டாலும் அந்தப் பாட்டைக் கேட்டனீங்களோ?"

"ரோட்டைப் பாக்க விடு. ஸ்னோ கொட்டுது."

கொட்டவில்லை. ஒன்றிரண்டு பனிப்பூ விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

புதுவருடம் பிறந்த கையோடு மாமி மொன்றியலுக்குப் போனார். அங்கே ஒரு இசைக்குழுவில் முன்னால் நிற்க இடம் கிடைத்தது. போகும்போது அப்பா அவருக்கு ஒரு கோட் வாங்கிக் கொடுத்தார், இந்தமுறை அளவாக. நான் பேஸ்மென்ட் படியில் போய் இருந்துகொண்டு என் 'ஊ'வைத் தனியே இழுத்துப் பார்த்தேன். முன்னால் ஒருவர் பாடாவிட்டால் அது பாட்டே இல்லை. மாமி எனக்கு வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அந்த ஒன்பதாவது பாட்டைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

மாமி போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, மொன்றியலிலிருந்து தொலைபேசி எடுத்தார். நலம் விசாரித்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார். "பிள்ளை, அப்பா சீடியைக் கேட்டவரோ?"

டிவிக்கு மேல் அது கிடந்தது. "இல்லை மாமி, கவரே உடைக்கேல்லை" என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஓ, சரி" என்றார் மாமி. அவரைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அப்போது அப்பா தன் கதிரையை வென்ட்டடியிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். பனிக்கட்டி பிடித்த ஜன்னல் பக்கம் போட்டார்.

"அங்க குளிருமல்லோ அப்பா?"

"இனிக் குளிராது" என்றார்.

"மாமி, ஒரு பகிடி கேளுங்கோ. நீங்கள் போன பிறகு அப்பாவுக்குக் குளிரே இல்லையாம். நான் படுத்து உங்கட பாட்டுக் கேக்கிற அந்த வென்ட்டடியில இருந்த கதிரையைத் தூக்கி ஜன்னலடியில போட்டிட்டார்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது போல் ஏதோ கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நான் போனை வைத்துவிட்டேன்.