கறுப்புக்கு அடியில் பதினொரு பெயர்கள்

கணக்கு டீச்சருக்கு முப்பத்தொன்பது வயதில் டாக்டர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் கேட்கிற ஆள் இல்லை அவள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், சனி ஞாயிறு ஆய்வு என்று ஏழு வருஷம் மாடாய் உழைத்தாள். ஆய்வு என்னவென்று கேட்டவர்கள் சிரித்தார்கள். தையல் ஆலைப் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிப்பறைக்குப் போக முடிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். சிரிக்காதவள் அண்ணி ஒருத்திதான். டீச்சரின் அண்ணன் மனைவி அதே ஆலையில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்காருகிறவள்.

கழிப்பறைக்குப் போக நாற்பது பேருக்கு ஒரே ஒரு டோக்கன். அது லைன் சூப்பர்வைசர் கையில் இருக்கும். கேட்கிறவளின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கொடுப்பான். இதை முதலில் சொன்னவள் அண்ணி. பிறகு தன்னோடு வேலை பார்க்கும் பத்துப் பேரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வந்ததும் அவள்தான். பதினொரு பேருக்கும் டீச்சர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், பெயர் வெளியே வராது என்று.

பேட்டிகளை அப்படியே பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னார் நெறியாளர். டீச்சர் ஒவ்வொரு பெயரின் மேலும் கறுப்புப் பட்டை போட்டாள். அண்ணியிடம் காட்டி, "பாருங்க அண்ணி, பிரம்மாவே வந்தாலும் படிக்க முடியாது" என்றாள். பிறகு பல்கலைக்கழகத்தின் மின்காப்பகத்தில் ஏற்றினாள். ஓராண்டு பூட்டி வைக்கவா, உடனே எல்லோருக்கும் திறக்கவா என்று படிவம் கேட்டது. ஏழு வருஷம் காத்தது போதாதா? உடனே என்று டிக் அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்திலிருந்து ஒப்புதல் வந்தது. குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டாள். மூன்று மணிக்கு வகுப்பில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த வரி ஒன்றைத் தோழிக்கு அனுப்பலாமே என்று பின்னிணைப்பிலிருந்து நகலெடுத்தாள். ஒட்டினாள்.

அண்ணியின் பெயர் வந்தது. இனிஷியலோடு.

அடுத்த பட்டையை நகலெடுத்தாள், அடுத்த பெயர் வந்தது. மூன்றாவதும் வந்தது. அவள் மறைத்தது கண்ணுக்குத்தான். எழுத்து அத்தனையும் அடியில் அப்படியே படுத்திருந்தது. தேடுகிற கட்டத்தில் பெயரைத் தட்டினால் போதும், எந்தப் பக்கம் என்று அதுவே காட்டிவிடும். கூட இருந்த தமிழ் டீச்சர், "என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றாள். நெறியாளருக்குப் போன் போட்டாள், அணைந்திருந்தது. வெளியூர் மாநாடாம்.

ஆட்டோ பிடித்து நூலகம் போய்ச் சேர நாலேகால் ஆயிற்று. இரண்டாம் மாடியில் மின்காப்பக அறை. அங்கே இருந்தவர் நிதானத்துக்கே பிறந்தவர்.

"ஒருதடவை ஏத்தினா எடுக்க முடியாதுங்க மேடம். நெறியாளர் கடிதம் வேணும்."

"சார், அதுல பதினொரு பொம்பளைங்க பேரு இருக்கு. வேலை போயிடும். வேலை மட்டும் போனாப் பரவால்ல..." மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். பத்தாம் வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவள், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தானே ஒரு பட்டையை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தார். "அடக் கடவுளே" என்றார். "எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மூடி வைக்கலாம். ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க."

மூன்று தாள் வீணாயிற்று. நான்காவது தேறியது. ஒரு தட்டு, கோப்பு மூடிக்கொண்டது.

"இதுவரைக்கும் யாராவது எடுத்திருக்காங்களா சார்?"

"அஞ்சு பதிவிறக்கம்." நேரத்தைப் படித்தார். இரண்டு அவளுடையவை, ஒன்று நெறியாளருடையது, ஒன்று அவரே சரிபார்க்க எடுத்தது. "இன்னொண்ணு மத்தியானம் ஒண்ணு பன்னெண்டுக்கு. யாருன்னு தெரியாது."

யாராவது மாணவராக இருக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆறு மணிக்கு அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த அண்ணிக்கு வாயெல்லாம் பல். "வாங்க டாக்டரம்மா! உங்க புத்தகம் என்ன வேலை பண்ணிச்சு தெரியுமா?"

"என்ன அண்ணி?"

"சாப்பாட்டு நேரத்துல அந்த சூப்பர்வைசர் வழக்கம்போல இளிச்சுக்கிட்டு வந்தான். உன் லட்சணமெல்லாம் அச்சுல வந்திருக்கு, பதினொரு பேரு சொல்லியிருக்காங்க, யாருன்னு முடிஞ்சாக் கண்டுபிடின்னு குழுவுல வந்த லிங்க்கை அவன் போனுக்கே அனுப்பிவிட்டேன். அங்கேயே நின்னு இறக்கிப் பாத்தான். முகம் செத்துப்போச்சு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "மூணு மணிக்கு டோக்கன் கேட்டேன். மேசை மேல வெச்சுட்டுத் தள்ளி நின்னான். பதினாலு வருஷத்துல முதல் தடவை. கையைத் தொடல."

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே தன் மேல் அருவருப்பாக வந்தது.

"என்ன, உள்ள வரலையா?"

"அண்ணி, அந்தக் கறுப்புக்கு அடியில பேரு இருக்கு. நகலெடுத்தா வந்துடும். நான் சரியா மறைக்கல. இப்ப மூடியாச்சு, ஆனா அவன் போன்ல இருக்கு."

அண்ணி சிரிப்பை உடனே விடவில்லை. அது முகத்தில் சற்று நேரம் நின்று மெல்ல வடிந்தது. அவள் திட்டுவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்று டீச்சர் காத்திருந்தாள்.

"என்னோடது மட்டுமா?" என்றாள் அண்ணி.

"எல்லாரோடதும்."

அண்ணி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வலது காலுக்கு இடது செருப்பைப் போட்டுவிட்டுக் கழற்றி மாற்றினாள்.

"கிளம்பு. அவன் பேரைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி பத்து வீட்டுக்கும் போகணும்," என்றாள். "நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."