தலைவர் வீட்டில் ஒரு விசாரணை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் ஒரு கூட்டம். கவுன்சிலர் தப்பாக நடந்துகொண்டால் இனி வெளியாட்கள்தான் விசாரிக்க வேண்டும், புகார் கொடுத்தவர் பெயரை அவரிடம் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு செய்யப் பேசுகிறார்களாம். ஒரு பெண் மைக்கில் விளக்கினாள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் கெட்டிப்பால் ஊற்றிக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை என்னை, நான் அந்தக் காலத்தில் இருந்த குளுவாங் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே பாசார் சந்தைக்குப் பக்கத்தில் அன்னலெட்சுமி வடைக்கடை வைத்திருந்தாள். நான் மாவாட்டிக் கொடுப்பேன். வடையைப் பற்றி ஆரம்பித்தால் வேறு பக்கம் போய்விடுவேன். அவள் கடையில் நின்று ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு, அதோடு விடுகிறேன். அந்த நல்ல இடம்தான் கண்ணை உறுத்தியது. எங்கள் ஆட்களுக்கென்று இருந்த கவுன்சிலரை எல்லாரும் தலைவர் என்போம். அவர் ஒரு நாள் அத்தனை பேருக்கு நடுவே அவளைக் கண்டபடி பேசி, கடையைத் தூக்கச் சொன்னார். இடம் அவர் மச்சானுக்கு வேண்டுமாம். அவளோ புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். கடை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

நகராட்சி ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். இந்தியர்கள் புகாரெல்லாம் உங்கள் கவுன்சிலரிடம்தான் போகும், அவர் வீட்டிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். அப்போது அதுதான் வழக்கம். துணைக்கு நான் போனேன். துணை என்றால், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவள் ஒல்லி, நான் பாதி வெளியே தெரிந்திருப்பேன்.

கோப்பி வந்தது. தலைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“யாரு மேலம்மா புகாரு?”

“ஒங்க மேலதான் தலைவரே.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே முழுதாகக் கேட்டார். விசாரிக்கிறேன், அடுத்த வாரம் வாம்மா என்று அனுப்பிவிட்டார்.

போனோம். மறுபடி கோப்பி.

“விசாரிச்சிட்டேன்மா. அவரு தப்பா ஒன்னும் பேசலயாம் லா. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்.”

அன்னலெட்சுமி கோப்பியைத் தொடவில்லை. “அப்ப அவருகிட்ட சொல்லிருங்க தலைவரே. நான் எடத்த விட்டு நவுர மாட்டேன்.”

“சொல்றேன்மா.”

சொல்லியிருப்பார் போல. மாதம் முடியுமுன் லாரி வந்தது. மேசை, நாற்காலி, எண்ணெய்ச்சட்டி எல்லாம் ஏறிற்று. அவள் செனாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்குத் தட்டுக் கழுவப் போனாள். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்பேன். வடை மட்டும் சுடமாட்டாள்.

இன்று அந்த மூலையில் கார்கள் நிற்கின்றன. மச்சான் கடையும் நிலைக்கவில்லை. தலைவர் போய்ச் சேர்ந்தார், அன்னலெட்சுமியும் போய்விட்டாள். யார் மேல் புகாரோ அவர் வீட்டுக் கோப்பியை எதிரில் வைத்துக்கொண்டே புகார் சொன்ன காலமும் போய்விடும் போலிருக்கிறது. போகட்டும்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று அவள் சொன்னபோது, தலைவரின் மனைவி கதவோரம் நின்றிருந்தார். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதாக ஞாபகம். இப்போது பத்து பாகாட் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, அன்றைக்கு அவர் சிரித்தாரா அழுதாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.