முன்வாசல் வழியாக வந்த எமில்டா

எமில்டா கொன்றுவிட்டாள் என்று சொல்கிறவர்கள் முதலில் செத்தவனைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நேற்றுக்கூட மீன் ஏலக்கூடத்தில் நின்று, விலையை ஏற்றிக் கேட்ட ஒருத்தனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். செத்தவனுக்கு அவ்வளவு தொண்டை இருக்குமா? கேட்டுக்கொண்டிருந்த காக்காய்கள்கூடப் பறந்து போய்விட்டன.

பேச்சு பிறந்தது செல்லக்கனியின் பெட்டிக்கடையில்.

"ஏளா, சேதி தெரியுமா? நம்ம எமில்டா டாக்டர் சொல்லாமலே தப்பு ஊசி போட்டு ஒரு ஆளக் கொன்னுட்டாளாம். ஆஸ்பத்திரி பின்வாசல் வழியா கழுத்தப் புடிச்சுத் தள்ளிட்டாவளாம்."

சோப்பு வாங்க வந்தவள் அதை மடியில் கட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவில் அவிழ்த்தபோது, கூடவே ஒரு போலீஸ் ஜீப்பும் சேர்ந்திருந்தது. ஜீப்பும் வரவில்லை, பின்வாசல் வழியாக யாரும் தள்ளவும் இல்லை. நடந்தது என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

செல்லக்கனிக்கு என்ன கோபம் தெரியுமா? போன மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி. மருந்துக்கடையில் ஒரு ஊசிமருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, "ஏளா எமில்டா, இதக் குத்திவிட்டுட்டுப் போ" என்று கூப்பிட்டாள். எமில்டா மருந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர் எழுதித் தந்தாரா அக்கா?"

"ஒனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்னு யாரு சொன்னா? எழுதி வாங்கிட்டு வாங்க. நானே வந்து நோவாமப் போட்டு விடுதேன்."

அன்றைக்குப் போட்டிருந்தால் செல்லக்கனி இன்று ஊரெல்லாம் எமில்டாவின் புகழ் பாடியிருப்பாள். டாக்டர் சொல்லாமல் ஊசி போட மாட்டேன் என்றதற்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவள், டாக்டர் சொல்லாமல் ஊசி போட்டாள் என்று இப்போது ஊரைக் கூட்டுகிறாள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

எமில்டா ஆலந்தலையில் பிறந்தவள். சின்ன வயதில் ஊசி என்றால் அவளுக்கு நடுக்கம். தடுப்பூசி போட ஒரு நர்ஸம்மா வந்த நாளில் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஊரே தேடியது. கடைசியில் அந்த நர்ஸம்மாவே வெள்ளைச் சேலையோடு மணலில் தவழ்ந்து உள்ளே போய், நண்டுகளுக்கு நடுவில் இவள் கையைப் பிடித்துக் குத்திவிட்டு, அதே மாதிரி தவழ்ந்து வெளியே வந்தார். சேலையெல்லாம் ஈர மணல், முகமெல்லாம் சிரிப்பு. ஓடுகிறவளை விரட்டி வந்து நன்மை செய்கிற வேலையும் உலகத்தில் இருக்கிறதா என்று எமில்டா அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். அந்த யோசனை அவளைவிட்டுப் போகவே இல்லை. நர்ஸுக்குப் படித்தாள், தூத்துக்குடிக்கு வந்தாள், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து அம்மாவையும் கூட்டி வந்தாள். அம்மா மொட்டை மாடியில் கருவாடு காயப் போட்டு, கீழ்வீட்டுக்காரர்களோடு தினமும் சண்டை போட்டு, மாலையில் அவர்களுக்கே ஒரு கை அள்ளிக் கொடுத்துச் சமாதானம் ஆகிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் கிளாட்வின் வந்து சேர்ந்தான். சங்கு குளிக்கிறவன், கடலுக்குள் மூழ்கிச் சங்கெடுப்பது தொழில். காலில் திருக்கை மீன் முள் குத்தியதை இரண்டு நாள் பொருட்படுத்தாமல் விட்டதில் சீழ் வைத்துவிட்டது. கூடவே அவன் பெண்டாட்டி ரீனா. டாக்டர் சிவப்பிரகாஷ் காலைப் பார்த்து ஊசிமருந்து எழுதிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். முதலில் துளி மருந்தை ஏற்றிச் சோதித்தாள் எமில்டா. ஒன்றும் செய்யவில்லை. பிறகு முழு மருந்தையும் போட்டாள்.

கிளாட்வினுக்கு ஒரு கெட்ட பழக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு செத்தவன் மாதிரி விழுந்து கிடப்பான். ரீனா அலறியதும் கண்ணைத் திறந்து சிரிப்பான். கல்யாணமான வாரத்திலிருந்து இதே விளையாட்டு. அதனால் அன்று கட்டிலில் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி நெஞ்சைப் பிடித்தபோது, ரீனாவுக்குக் கோபம்தான் வந்தது.

"ஒம்ம சேட்டைய இங்கனயும் ஆரம்பிச்சிட்டீரா? சிஸ்டர் முன்னால மானத்த வாங்காதயும்!" என்று முதுகில் ஓர் அறையும் வைத்தாள்.

எமில்டா அவன் கழுத்தைப் பார்த்தாள். தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. உதடு வீங்கிவிட்டது. போட்ட மருந்து அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்கடியில் மூச்சைக் கைக்குள் வைத்திருக்கிறவன், மின்விசிறிக்குக் கீழே காற்றுக்குத் தவித்தான்.

"ரீனா, அடிக்காத. இது விளையாட்டு இல்ல."

டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. வேறு டாக்டர் கட்டடத்தில் இல்லை. அவசரத் தட்டில் மருந்து இருந்தது. எந்த மருந்து, எவ்வளவு என்பது நர்ஸ் வேலை பார்க்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். போடு என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. சொல்லாமல் போட்டால் வேலைக்கு ஆபத்து. போடாவிட்டால் இவனுக்கு ஆபத்து. எமில்டா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே அவன் தொடையில் ஊசியைப் போட்டாள், ஆக்சிஜனை மாட்டினாள், காலைத் தூக்கி வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு திரும்பியது. திரும்பியதும் முதல் பேச்சு: "இவ என்னிய ஏன் சிஸ்டர் அடிச்சா?"

திரும்பி வந்த டாக்டர் வாசலில் சேதி கேட்டு உள்ளே ஓடி வந்தார். பார்த்தார். "நான் இருந்தாலும் இதத்தான் போடச் சொல்லியிருப்பேன்" என்றார். போனில் தான் சொன்னதாகவே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். காய்ச்சல் மாத்திரையானாலும் சரி, வாயுக்கு மருந்தானாலும் சரி, நர்ஸ்கள் கொடுத்துவிடுவார்கள், டாக்டர் வந்து சொன்னதாக எழுதிவிடுவார். எமில்டாவும் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சங்குகுளிக்காரர்களுக்கு நன்றி சொல்லாமல் தூக்கம் வருமா? ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'டாக்டர் இல்லாத வேளையிலும் துணிந்து ஊசி போட்டு எங்கள் தங்கம் கிளாட்வினை மீட்டுத் தந்த வெள்ளைத் தேவதை எமில்டா சிஸ்டர் வாழ்க! இவண்: சங்குகுளி நண்பர்கள்.' படம் ஏதோ ஞானஸ்நான விருந்தில் எடுத்தது. அதில் எமில்டா பிரியாணித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டதால், கை அந்தரத்தில் நின்று ஊருக்கே ஆசீர்வாதம் கொடுப்பது போல் இருந்தது.

மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கிய ஆஸ்பத்திரி முதலாளி அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'டாக்டர் இல்லாத வேளையிலும்' என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியது. மறுநாள் எமில்டாவுக்கு விசாரணை.

மேலாளர் பொன்னுதுரை நல்ல மனுஷர், நாசரேத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. டாக்டரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"சிஸ்டர், பெருசா ஒண்ணுமில்ல. டாக்டர் போன்ல சொன்னாரு, நீங்க போட்டிய. அந்தப் பயலுவ எழுதுனது ஆர்வக்கோளாறு. இத மட்டும் சொல்லிருங்க, முடிச்சிருவோம்."

"போன்ல சொல்லலியே சார்."

"சொன்ன மாதிரிதானம்மா."

"எடுத்திருந்தா சொல்லியிருப்பாரு. எடுக்கலியே."

பொன்னுதுரை நெற்றியைத் தடவினார். "அப்படின்னா உத்தரவு இல்லாம மருந்து குடுத்திய. வேலையே போயிரும். யோசிச்சுப் பேசுங்க."

எமில்டாவுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, வீட்டு வாடகை வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் வாய் வேறு பக்கம் போய்விட்டது.

"தப்புதான் சார். தப்பில்லன்னு நான் எங்க சொன்னேன்? நேத்து வேலைக்கு வந்த பிள்ளகூட நாங்க பண்ணுததப் பாத்துட்டு, டாக்டர் பொறவு கையெழுத்துப் போட்டுக்கிடுவாருன்னு எதையாவது குடுக்கும். அன்னைக்கு ஃப்ளெக்ஸ் வேற மாதிரி வரும். இப்ப பொய் சொன்னா இந்த வழக்கம் இங்கனயே கிடக்கும். தண்டனை என்னவோ குடுங்க. ஆனா மருந்து ஒத்துக்காம மூச்சு முட்டுதவனுக்கு இன்ன மருந்து, இவ்வளவு போடுங்கன்னு டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு செவத்துல ஒட்டுங்க. போடுததுக்கு ஒரு உத்தரவு இருக்கும்லா?"

சிவப்பிரகாஷ் தொண்டையைச் செருமினார்.

"சார், நான் ரயில்வே கேட்டுல நின்னேன். கூட்ஸ் வண்டி முன்ன பின்ன போய்க்கிட்டே இருந்துச்சு. போன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில, காலி டிபன் பாக்ஸோட. அது அடிச்சதே எனக்குத் தெரியாது. சிஸ்டர் சொல்லுதது நெசம். அந்த உத்தரவ இப்பவே எழுதித் தாரேன்."

"டிபன் பாக்ஸோடயா?" என்று பொன்னுதுரை கேட்டார். சிரிக்கக் கூடாத இடத்தில் மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.

முதலாளியிடம் பேசிவிட்டுப் பொன்னுதுரை முடிவைச் சொன்னார். டாக்டருக்கு எச்சரிக்கை. எமில்டாவுக்கு ஒரு மாதம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. மாதம் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளலாம். பொய்க் கையெழுத்து வழக்கம் அன்றோடு முடிந்தது. சுவரில் தாள் ஏறியது. ஒட்டும்போது ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றதை எமில்டாவே அழுத்திவிட்டாள்.

"பின்பக்கம் லாண்டரி வழியாப் போயிருங்க சிஸ்டர்," என்றார் பொன்னுதுரை. "முன்னால ஆளுவ நிக்காவ. சங்கடமா இருக்கும்."

"எனக்கென்ன சார் சங்கடம்? வந்த வழியா போறேன்."

பையை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு நடுவே, முன்வாசல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எமில்டா வெளியே வந்தாள். நல்ல வெயில். எதிரே ஏணி வைத்து ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கிளாட்வின் ஒற்றைக் காலில் கட்டோடு நின்றான். அவனால் எமில்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நல்லது பண்ணுதோம்னு நெனச்சு வேலைக்கு ஒல வச்சிட்டோம்."

"ஒரு மாசந்தாம்லே. ஒறங்கி ரொம்ப நாளாச்சு."

"இவரச் சும்மா விடாதிய அக்கா," என்றாள் ரீனா. "ரெண்டு அடி அடிங்க. நான் அடிச்சா ஒறைக்க மாட்டேங்குது."

எமில்டா தரையில் கிடந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். நல்ல கனமான துணி, ஒரு கிழிசல் இல்லை.

"இத என்ன பண்ணப் போறிய?"

"வள்ளத்த மூடலாம்னு..."

"இங்க குடுங்கலே. அம்மா கருவாடு காயப் போடப் பாய் இல்லன்னு புலம்பிக்கிட்டு கிடக்கா."

நண்பர்கள் நாலாக மடித்து அவள் தோளில் வைத்தார்கள். ஆசீர்வாதம் கொடுக்கும் கை மட்டும் மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, கடற்கரைச் சாலையில் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

ஏறும்போது அம்மாவுக்குப் போன் போட்டு அவள் கத்தியது வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது: "எம்மா, பாய் கிடைச்சிருக்கு. மூஞ்சி இருக்குத பக்கத்தக் கீழ போட்டுக் காயப் போடு!"