கொழுந்துத் தட்டில் நெல்

வடிவம்மாவின் நெல்லை அரசாங்கக் களஞ்சியத்தில் திருப்பிவிட்டார்கள். ஈரப்பதம் பதினேழு வீதம். பதினான்கைத் தாண்டினால் உத்தரவாத விலை கிடையாது. கம்பளையில் ஒரு வாரமாக மத்தியானம் ஆனால் மழை. தார் ரோட்டில் படங்கு விரித்துக் காயப்போடுவதும், வானம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவதுமாக அவர் அலுத்துப்போயிருந்தார்.

களஞ்சிய வாசலில் லொறியோடு நின்றார், ஈர நெல்லை மலிவாக வாங்கும் முஹ்ஸின்.

"என்னத்துக்கு அக்கா யோசிக்கிறீங்க? ஈர நெல்லுக்கு நான் ஈக்கிறேன் தானே!"

"ஒங்க விலைக்குக் குடுத்தா அடுத்த போகம் என் வயல்ல செங்கல்லுதான் வெளையும்."

அது வெறும் பேச்சல்ல. அவர் செய்யும் வயல், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஜனார்த்தனனுடையது. விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி வடிவம்மாவுக்கு. இரண்டு போகமாக ஈர நெல்லைக் கண்ட விலைக்கு விற்றதில் ஜனார்த்தனன் சலித்துவிட்டார். வயல் மண்ணைக் கேட்டு ஒரு செங்கல் சூளைக்காரர் வந்து போகிறார். இந்த முறை அரசாங்க விலை கிடைத்தால் வயல் வடிவம்மாவுக்கு, இல்லாவிட்டால் சூளைக்கு என்று சொல்லிவிட்டார்.

வடிவம்மா பிறவி விவசாயி இல்லை. சிறு வயதில் கொழுந்து பறித்தவர். பிறகு தேயிலை பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்தைத் தட்டில் பரப்பி, சூட்டுக் காற்றில் வாட்டும் வேலை. அங்கே ஆட்குறைப்பு வந்தபோது நாற்பத்தெட்டு வயதில் சேற்றில் கால் வைத்தார். முதல் போகத்தில் இரண்டு கையாலும் களையைப் பறித்து, இல்லாத கூடைக்குள் முதுகுப் பக்கம் வீசியதைப் பார்த்து அடுத்த வயல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூட்டைகளோடு திரும்பும் வழியில் பழைய பெக்டரி கண்ணில் பட்டது. கொழுந்து குறைந்துவிட்டதால் இப்போது வாரத்தில் சில நாள்தான் அது ஓடுகிறது. ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். அங்கே தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் சுரேஸ், அவரோடு அதே மாடியில் வேலை பழகியவர்.

"கொழுந்துத் தட்டுல நெல்லா? வடிவக்கா, மழையில நனைஞ்சு காய்ச்சலா?"

"காத்து சும்மாதானே கெடக்கு தம்பி. அடுப்புக்கு வெறகு நான் கொண்டாறேன்."

சுரேஸ் தோட்ட மேனேஜரான பெரிய துரையிடம் போனில் பேசினார். அனுமதி கிடைத்தது. "ஆனா ஒரு உமி தேயிலையில கலந்தாலும் என் வேலை போயிரும், சொல்லிட்டேன்."

வலைத் தட்டின் மேல் சாக்கை விரித்து நெல்லைப் பரப்பினார்கள். அடியிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று வீசியது. சாயங்காலம் மேலே அள்ளிப் பார்த்தால் நெல் இன்னும் குளிர்ந்து கிடந்தது. அடியில் கையை விட்டால் சுக்காகக் காய்ந்திருந்தது. வடிவம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கெளறவே இல்லையாக்கா?"

"கெளறுனா கன்னிப்போகாதா?"

சுரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கன்னிச் செவக்கிறதுக்கு இது கொழுந்தா? நெல்லுக்கா, நெல்லு!"

இருபது வருடப் பழக்கம். கசங்கினால் கொழுந்து கெட்டுவிடும் என்று தட்டில் கிடப்பதைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை. அன்று மாலை இருவரும் புரட்டினார்கள், மறுநாளும் புரட்டினார்கள்.

களஞ்சியத்தில் ஈரம் பார்க்கும் கருவி பதின்மூன்றரை காட்டியது. அதிகாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "என்ன இது, தேயிலை வாசம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சோறு ஆக்குனா தேத்தண்ணி தனியா ஊத்தத் தேவையில்ல சேர்," என்றார் வடிவம்மாவும் சிங்களத்தில். அதிகாரி சிரித்துக்கொண்டே மூட்டைகளைத் தராசுக்கு அனுப்பினார்.

வடிவம்மா ஜனார்த்தனனுக்குப் போன் போட்டார்.

"எடுத்துட்டாங்க மொதலாளி, அரசாங்க விலைக்கே!"

"அப்ப சூளைக்காரரை வர வேணாம்னு சொல்லிர்றேன். வெதநெல்லுக்குப் பாருங்க."

வாசலில் முஹ்ஸின் கையை விரித்தார். "எனக்கு ஏவாரம் இல்லையா, அக்கா?"

"இருக்கே. ஒங்க லொறிய வாடகைக்கு விடுங்க. பக்கத்து வயல்காரங்க நெல்லும் பெக்டரிக்குப் போகணும்."

"ஒங்களப் பாத்துச் சிரிச்சாங்களே, அவங்களா?"

"அவங்கதான். ஆனா இன்னைக்கு இல்ல, நாளைக்கு. மாடிய மொதல்ல கூட்டணும். ஒரு உமி இருந்தாலும் சுரேஸ் தம்பி என்னைய உள்ள விடாது."